புதன்கிழமைக்குள்

சம்பளத் துண்டில் பிடித்ததெல்லாம் போக
பதினோராயிரத்துச் சொச்சம்.

நானா கடைக் கொப்பியில் மூன்று பக்கம்.
மஸ்கெலியா அடகுக் கடையில் தோடு,
வட்டி அதைவிடக் கனம்.
புதனன்று மோட்டார் சைக்கிளில் வருவான்
குழுக்கடன்காரன்.
சத்தம் கேட்டாலே
லயத்துக் கதவுகள் தானாகச் சாத்திக்கொள்ளும்.

பிள்ளைகள் தூங்கியபின் எண்ணினேன்.
இருட்டில் எண்ணினாலும் அவ்வளவுதான்.

செல்வநாயகி மட்டும் கேட்டதேயில்லை.
சின்னவனுக்கு வலிப்பு வந்த இரவு
திரீவீலுக்கென்று தந்த இரண்டாயிரம்.
பீலிக்கரையில் என்னைக் கண்டால்
கடன்பட்டவள் அவள்தான் என்பதுபோல்
குடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு முதலில் கொடுத்தேன்.
இரண்டு தாள்;
ஒன்றின் மூலையில் மஞ்சள் கறை.

புதனன்று
செல்வநாயகி நீட்டிய தவணையில்
அந்த மஞ்சள் மூலை.
எச்சில் தொட்டு எண்ணி
பைக்குள் போட்டுக்கொண்டு
என் பக்கம் திரும்பினான்:
"அடுத்தது நீங்களா அக்கா?"