கொசைன் மேடு

முதல் எடுகோள்: சுவர் அசையாது.
இரண்டாவது: குருதி, நியூற்றன் சொன்னபடி நடக்கும் பாயி.
மூன்றாவதை எழுதும்போது
திருநெல்வேலிச் சந்தையில் லொறி ஒன்று
பின்னுக்கு எடுக்கிற சத்தம்.
ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

நாடி ஒடுங்கும் இடத்தை
எல்லாரும் ஒரு கொசைன் மேடாகத்தான் எழுதுகிறார்கள்.
இருபுறமும் சமச்சீர், வழுவழுப்பு,
குழாயின் உள்ளே படுத்திருக்கும் சிறு குன்று.
குன்றே இல்லாத ஊரில் இருந்துகொண்டு
எட்டுப் பக்கம் தீர்த்தேன் அதை.

உண்மைத் தரவு ஒன்றாவது வேண்டும் என்றார்கள்.
போதனா வைத்தியசாலை, டொப்ளர் அறை.
சாரத்தைத் தொடைவரை சுருட்டிப் பிடித்தபடி
குருநகர் இன்னாசிமுத்து.
நாடியோரம் ஒரு துண்டு இரும்பு,
எடுத்தால் ஆபத்தென்று
முப்பது வருடமாய் விட்டுவைத்தது.
நிரோஜினி ஜெல் தடவினாள்.
"குளிருது" என்றார்.

நல்ல காலில் மூன்று சத்தம்:
போகும், கொஞ்சம் திரும்பும், பிறகும் மெல்லப் போகும்.
ஒவ்வொரு துடிப்பிலும் குருதி
ஒரு கணம் வந்த வழியே மீள்கிறது.
மற்றக் காலில், இரும்புக்குக் கீழே,
ஒரே சத்தம்.
போவது மட்டும்.

"என்ன மகள் எழுதுறியள்?"
தொடர்ச்சிச் சமன்பாடு என்றேன்.
ஒடுங்கிய இடத்தில் ஓட்டம் வேகமெடுக்கும்.
அவர் யோசித்தார்.
"நாவற்குழிப் பாலத்தில அப்பிடி நடக்கேல்லையே.
ஒரு சைக்கிள், ரெண்டு பிள்ளையள், மழை.
விடியுமட்டும் அந்தப் பாலம் முடியேல்ல."

பாயியை அமுக்க ஏலாது ஐயா,
அதன் அடர்த்தி மாறிலி
என்று தொடங்கியவள்
அதற்குமேல் சொல்லவில்லை.
நிரோஜினி ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இரவு, திரையில் அவருடைய அலை.
கொசைன் மேடு பொருந்தவில்லை.
பிழை இருபத்து மூன்று வீதம்.
சுவரை அசைய விட்டேன், பத்தொன்பது.
மேட்டின் ஒரு பக்கத்தைச் செங்குத்தாக்கி
மறுபக்கத்தை நீட்டி இழுத்தேன்.
சமச்சீர் போனால் கையால் தீர்வு வராது,
இனி எண்களைத் தட்டித் தடவித்தான் போகவேண்டும்.
மின்விசிறி நின்று, திரும்பச் சுற்றியது.
மூன்று மணிக்குப் பிழை ஆறு.

ஆறை வைத்துக்கொண்டு
முதல் பக்கத்துக்குப் போனேன்.
அசையாத சுவரை வெட்டினேன்.
சமச்சீரை வெட்டினேன்.
அடர்த்தி மாறிலி
என்ற வரியில் பென்சில் கொஞ்சநேரம் நின்றது.

குருதிக்கு அது சரிதான்.
விட்டுவிட்டேன்.