சும்மா ஒரு நடை

ஏழாம் மாதம்.
அட்டையில் எடை எழுதி, ரத்த அளவு எழுதி
தலை தூக்காமல் கேட்டார் கிரேஸி சிஸ்டர்:
"நடக்கிறியாம்மா?"

பறந்தா வந்தேன் என்று வாய்வரை வந்தது.
எங்கள் பிளாக்கில் நடை என்றால் எண்ணிக்கை.
லாரி வந்தால் தண்ணீருக்கு ஆறு நடை,
ரேஷனுக்கு ரெண்டு நடை
(முதல் நடையில் சர்வர் வேலை செய்யாது),
மொட்டைமாடித் துணிக்கு ஒரு நடை.
நான்காவது மாடிக்கு அறுபத்தெட்டுப் படி.
இருபத்து மூன்றாவது உடைந்தது,
இருட்டிலும் கால் அதைத் தாண்டிக்கொள்ளும்.

"அதெல்லாம் வேலை" என்றார்.
"நான் கேட்டது நடை.
கையில் ஒன்றும் இல்லாமல், அரை மணி நேரம்.
பேச முடியணும், பாட முடியக்கூடாது,
அவ்வளவு வேகம் போதும்."

அன்று சாயங்காலம் இறங்கினேன், வெறுங்கையோடு.
கீழ்வீட்டு சகுந்தலா, "எங்க?"
தேய்ப்பு வண்டி ஆரோக்கியம், "எங்கம்மா, தனியா?"
ஆட்டோவை ஓரங்கட்டிய பாஷா அண்ணன்
"வலியா? ஏறு, ஆஸ்பத்திரிக்கு அஞ்சு நிமிஷம்!"
சும்மா என்றேன்.
கொருக்குப்பேட்டையில் அந்த ஒரு சொல்லை மட்டும்
யாரும் நம்பவில்லை.

மறுநாள் வயர் கூடையை எடுத்துக்கொண்டேன்.
காலிக் கூடை.
ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

ரயில்வே கேட் வரை போய்த் திரும்புவேன்.
காற்று கிழக்கிலிருந்து வந்தால் மீன் வாடை,
வடக்கிலிருந்து வந்தால் மணலி கேஸ் வாடை.
இரண்டும் இல்லாத நாளில்
யார் வீட்டிலோ வடகறி தாளிப்பார்கள்,
நடையே மறந்துபோகும்.
கூட்ஸ் வண்டி போகும்போது பெட்டிகளை எண்ணுவேன்.
நாற்பதுக்கு மேல்
உள்ளேயிருந்து ஒரு உதை:
எண்ணிக்கை தப்பிவிடும்.

துறைமுக வரிசையில் நிற்கும் வீட்டுக்காரர்
போனில் சொல்கிறார்:
"மத்தியானத்துலேர்ந்து டிரெய்லர் ஒரு அடி நகரல.
நீயாவது நட."

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ
எதிரே ஒருத்தி வந்தாள்.
என்னைவிட இரண்டு விரல் பெரிய வயிறு,
கையில் மாவுத் தூக்கு.
மில் மூடி ஒரு மணி நேரமாச்சே என்றேன்.
"தெரியும்" என்றாள். "உன் கூடையில் இன்னா?"

கூடையைக் கவிழ்த்துக் காட்டினேன்.
அவளும் தூக்கின் மூடியைத் திறந்தாள்.
உள்ளே உலர்ந்த அடிப்பகுதியில்
தெருவிளக்கு மட்டும் கிடந்தது.

சிரிக்கும்போது இருவருக்கும் அடிவயிறு பிடித்துக்கொண்டது.
விளக்குக் கம்பத்துக்கு ஒருத்தியாகச் சாய்ந்து
மூச்சு வந்த பிறகுதான் பேர் கேட்டேன்.
ஹசீனா. எல் பிளாக். மூன்றாவது மாடி.
முதல் பிள்ளைக்கு ஒன்பது மாதமும் தையல் மெஷினில் உட்கார்ந்தவள்.
"ஒருத்தரும் எழுந்திருன்னு சொல்லல,
நானும் கேக்கல" என்றாள்,
வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

இப்போது கூடையும் தூக்கும்
ஆரோக்கியத்தின் வண்டிக்கு அடியில் காத்திருக்கின்றன.
முதலில் இந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.
இடுப்பில் வைத்தோம், பின்னால் கட்டினோம்.
குடம் தூக்கிய தோள் இன்னும்
ஒரு பக்கமாகவே சாய்ந்து வருகிறது.

நேற்று கேட் மூடியிருந்தது.
மீன்பாடி வண்டி, பள்ளிக்கூட வேன்,
கேஸ் சிலிண்டர், ஆபீஸ் முடிந்த ஸ்கூட்டர்கள்,
எல்லோரும் ஹாரனை அழுத்திக்கொண்டிருக்க
ஹசீனா மெதுவாக எதையோ முணுமுணுத்தாள்.
பாட முடிகிறதே, இன்னும் வேகம் வேணும் என்றேன்.

கேட் தூக்கியது.
மொத்தத் தெருவும் முண்டியடித்து
அந்தப் பக்கம் போனது.
எங்களுக்கு அந்தப் பக்கம்
ஒரு வேலையும் இல்லை.

திரும்பினோம்.