வலது பெருவிரல்

பிரதேச செயலகத்துக் கண்ணாடித் துண்டில்
ஒவ்வொன்றாய்ப் பத்து விரலும் வைத்தேன்.
இடது சின்னவிரல் மட்டும் விழுந்தது.
மற்றதெல்லாம் புகை.
"ரேகை காணேல்லை அக்கா,
கையால என்ன வேலை?"
கணவாய், என்றேன்.
உள்துறைமுகத்தில், கிலோக் கணக்கு.
தோலுரித்து, மைப்பை கிழியாமல் இழுத்து,
ஐஸ் தண்ணீரில் அலசி,
பின்னேரம் பிளீச் ஊற்றி மேசை தேய்த்து
பதினொரு வருஷம்.
பெடியன் சிரிக்கவில்லை.
"ரெண்டு கிழமை கழிச்சு வாங்கோ.
கையைக் கொஞ்சம் பாருங்கோ."

பார்த்தேன்.
திருக்கடலூர் வரைக்கும் ஓட்டோவில் அதைத்தான் பார்த்தேன்.

எனக்கு முன்னமே செய்தி ஒழுங்கைக்கு வந்திருந்தது.
வேலிக்கு மேலால் கற்றாளை மடல் நீட்டினாள் கொறற்றி:
மஞ்சள் பால் முழுக்க வடியட்டும், அது கடிக்கும்,
பிறகு சோற்றை மட்டும் பூசு.
கிண்ணியாவிலிருந்து ஐஸ் பெட்டியோடு வருகிற நுஸ்ரத்
சீனியும் தேங்காய் எண்ணெயும் என்றாள்,
சீனி கரையுமுன்னம் கழுவிவிட வேண்டுமாம்.
என் மனுசன் படகு இஞ்சின் திருத்துகிறவன்.
"மண்ணெண்ணெய் ஒரு சொட்டு, மேல சாம்பல்" என்றான்.
அவன் கையைத் திருப்பி அவனுக்கே காட்டினேன்.

தேசிக்காய் முதல் இரவே தோற்றது.
விரலிடுக்கு வெடிப்பில் புளி இறங்க
வாயில் வந்த சொல்லுக்கு
மகன் கொப்பியிலிருந்து தலை தூக்கினான்.
ஆனால் மீன் மணம் போய்விட்டது.
மணம் போனதில்
பூனை என்னை யாரோ என்று மோந்து
அடுப்படிக்குத் திரும்பிப் போனது.

பிறகு கடலைமாவும் தயிரும்.
பிறகு அரிசி கழுவின தண்ணீர், வெதுவெதுப்பாய்.
இரவில் நல்லெண்ணெய் தடவி
காலுக்குப் போடுகிற மகனின் வெள்ளை மேசுக்குள்
இரண்டு கையையும் விட்டுப் படுத்தேன்.
"பொம்மைக் கூத்தோ?" என்று கேட்டவன்
அந்த மேசுக் கையைப் பிடித்தபடியே உறங்கிப் போனான்.

வேலைக்குப் போகாத நாள் பதினாலு.
கடைக் கொப்பியில் கடன் வரி பதினாலு.
இவ்வளவு செலவழித்து இந்த மெதுமையை
எங்கே கொண்டுபோகப் போகிறேன்?
குவைத்தில் ஒரு குசினிக்கு.
அங்கேயும் பிளீச் போத்தல் இருக்கும்,
மூடி வேறு நிறமாய் இருக்கலாம்.

பதினைந்தாம் நாள் விடிய
அவதியில் சீனியைச் சரியாய்க் கழுவவில்லை.
பஸ் நிலையத்தடியில் மான்கள் படுத்திருந்தன.
ஒன்று எழும்பி
வாயிலிருந்த பொலித்தீனைப் போட்டுவிட்டு
என் உள்ளங்கைக்கு வந்தது.
நாக்கு அரம்.
அரத்துக்குக் கூசியது கை.
கூச்சம் என்ற ஒன்று
அந்த இடத்தில் இருந்ததையே மறந்திருந்தேன்.
பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்கப் பார்க்க
நின்று சிரித்தேன், பைத்தியம் மாதிரி.

பெடியன் துணியால் கண்ணாடியைத் துடைத்தான்.
மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல்
திரையில் வரிவரியாய் எழும்பின,
வற்றுக்கடல் விட்டுப்போன மணல் மாதிரி.
என்னுடையதா இவ்வளவு கோடும்?

வலது பெருவிரல் மட்டும் வரமாட்டேன் என்றது.
கத்தியின் முதுகை அழுத்துகிற விரல் அது.
"இன்னொருக்கா வையுங்கோ அக்கா."
ஊதி வைத்தேன்.
சட்டையில் துடைத்து வைத்தேன்.
வரிசையில் பின்னால் நின்ற பெண்
கேளாமலே கைப்பையைத் திறந்து
ஒரு சின்னப் போத்தலை நீட்டினாள்.
"கொஞ்சம் பூசிப் பாருங்கோ,
நானும் போன மாசம் வந்து திரும்பினனான்."
அவள் விரல்களைப் பார்த்தேன்.
நண்டு.