இடது பூட்ஸ்

மெட்வே ஆற்றில் வற்றம் காத்திருக்காது.
தண்ணீர் திரும்புமுன் படகு நிறையச்
சேறு வெட்டிப் போடவேண்டும்.
ஈனக் விக்கெண்டனுக்கு அன்று
கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.
தேட நேரமேது?
அது புதைந்த சேற்றையும் யாரோ
வாரி எறிந்தார்கள் படகில்.

குன்றின் வெள்ளைச் சுண்ணாம்போடு
ஆற்றின் கறுப்பைக் கலக்கி,
கூழாக்கி, உலர்த்தி,
கரியோடு அடுக்கடுக்காய்ச் சூளையில்.
நாள்கணக்கில் எரிந்து தணிந்தபின்
கரும்பச்சைக் கட்டிகள்.
கிளிங்கர் உடைக்கும் ஆம்ப்ரோஸ்
எச்சில் துப்பிவிட்டுச் சொன்னான்:
"உன் தோல் புகையாப் போச்சுப்பா.
ஆணி இருக்கும்."

ஆணியும் இல்லை.
சிமெண்டுக்குச் சாம்பல் நிறம் தருவது இரும்பு;
அதில் ஒரு துளி
அவன் குதிகாலில் தேய்ந்தது.

ஷீர்னஸில் கடற்சுவர் வார்த்த இரவு, உறைபனி.
சோறு கொண்டுவந்த திர்ஸா
பலகையில் கை வைத்தாள். சூடு.
"காயுதா?"
"காயல. குடிக்குது."

வார்த்த தண்ணீர் எங்கும் போகவில்லை.
உள்ளே ஊசி ஊசியாய் முளைத்து
ஒன்றை ஒன்று கவ்வி,
மணலைக் கவ்வி,
பிடி விடாமல் வளர்ந்தது.
மூன்றாம் நாள் பலகை தாண்டி அலை ஏறியது.
சுவர் அதையும் பொருட்படுத்தவில்லை;
நீருக்குள்ளேயே இறுகிக்கொண்டிருந்தது.

இப்போதும் ஞாயிறுகளில்
அதன்மேல் நடக்கும்போது ஈனக்
இடது காலை மட்டும்
கொஞ்சம் அழுத்தி வைக்கிறான்.

திர்ஸா கண்டுகொள்வதில்லை.
கடைக்காரனுக்கு அந்த பூட்ஸுக்கே
இன்னும் நாலு ஷில்லிங் பாக்கி.