இரண்டுக்கும் ஒரே சொல்

முப்பத்தோரு ஆண்டு பனி வாரும் வண்டி ஓட்டியும்
தைஸ்தோ பார்த்தது ஒரே ஒரு ஓநாய்.
போசியோவுக்கு வடக்கே, ஏரி வளைவில்,
விளக்கு வெளிச்சத்தின் விளிம்பில் வந்து நின்றது.
ஒரு காதில் மட்டும் பனி ஒட்டியிருந்தது என்பான்.
எஞ்சினை அணைத்துவிட்டேன் என்பான்,
ஏனென்று தெரியாமல்,
தேவாலயத்துக்குள் தொப்பியைக் கழற்றுவதுபோல.

அது பழைய கதை.

இந்தக் குளிர்காலம் வண்டிக்குள்
கைப்பேசிக்கு ஒரு தாங்கி பொருத்தினான்.
அதிகாலை மூன்று. பனி ஓயட்டும் என்று காத்திருக்கையில்
கட்டைவிரல் சும்மா கிடக்குமா?
முதலில் வானிலை. பிறகு ஐஸ் ஹாக்கி.
பிறகு, எங்கோ குதறிப் போடப்பட்ட ஒரு நாய்.
அதில் நாலு நொடி கூடுதலாக நின்றான்.
நாலே நொடி.
மறுநாள் இரண்டு நாய்கள்.
அடுத்த வாரம் பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் காலடித் தடம்.
எந்த ஊர் என்றில்லை,
அடியில் அறுநூறு பேரின் கோபம் மட்டும்.
அரண்டவன் கண்ணுக்கு என்று தொடங்கும் பழமொழி
இங்கே உதவாது.
நவம்பர் பிறந்தால்
இங்கே எல்லாமே இருண்டதுதான்.

தங்கை இர்மெலி ஊராட்சி மன்ற உறுப்பினர்.
ஓநாய் வேட்டைக்கு எதிராகக் கை தூக்கியவள்.
அவள் திரையில் குட்டியை நக்கும் தாய்,
வேட்டைக்காரன் தோளில் தொங்கும் வால்.
அவள் நேரில் பார்த்தது
ஒன்றுகூட இல்லை.

ஞாயிறு. சால்மன் சூப், கம்பு ரொட்டி.
தைஸ்தோ சொன்னான்:
"பொறுத்தது போதும், இனி..."

அடுத்த சொல்லில் நான் தடுக்கி நிற்கிறேன்.
அவர்கள் மொழியில் அது 'மெ'.
நாம் என்றாலும் மெ, நாங்கள் என்றாலும் மெ.
எதிரே உட்கார்ந்து கேட்பவள்
உள்ளேயா வெளியேயா,
சொல் காட்டிக்கொடுக்காது.
போன ஆண்டு இதே மேசையில்
யோசிக்காமல் 'நாம்' என்று எழுதியிருப்பேன்.
எந்த இரவில், எந்தப் படத்துக்கும் எந்தப் படத்துக்கும் நடுவே
தங்கை அந்தச் சொல்லிலிருந்து இறங்கிப்போனாள்?
அவனைக் கேட்டால் அவனுக்கும் தெரியாது.

"இனி நாங்கள் சும்மா இருக்க மாட்டோம்."

இர்மெலி கரண்டியைக் கீழே வைத்தாள்.
ஒரே சொல்தான். அவளுக்குக் கேட்டுவிட்டது.

இரவு மறுபடி பனி.
வழக்கம்போல அவள் வீட்டு வாசலைத்தான் முதலில் வாரினான்.
பிறகு ஏரி வளைவு.
வெளிச்சத்தின் விளிம்பில் ஏதோ அசைந்தது.
இந்த முறை எஞ்சினை அணைக்கவில்லை,
படம் எடுத்தான்.
படத்தில் இருட்டு மட்டும் இருந்தது.
விடிவதற்குள்
நூற்றுப்பத்துப் பேர்
அதில் பற்களைக் கண்டுபிடித்திருந்தார்கள்.