பாசி மூடுதல்

கேத்தியில் கேரட் கழுவிய தண்ணீர்
போய்த் தேங்குகிற சதுப்பில்
முக்குளிப்பான் கூடு கட்டியதை
முதல் ஆளாகப் போட்டவள் நான்தான்.
படம், நேரம், மேப்பில் ஒரு சிவப்புப் புள்ளி.
நானூற்றுப் பன்னிரண்டு லைக்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று கார் வந்தது.
ஒருவர் ட்ரோன் விட்டார். நல்லவர்தான்,
எங்கள் குழுவுக்கு கம்பூட் வாங்கித் தந்தவர்.

முட்டையை விட்டு இறங்கும்போதெல்லாம்
ஈரப் பாசியை இழுத்து
மூடிவிட்டுத்தான் போகும் அது.
அன்றைக்கு நேரமில்லை.
நான்கு வெள்ளை
ரோட்டிலிருந்தே தெரிந்தது எனக்கு.
காக்கைக்கும்.

பெள்ளிராஜ் திட்டவில்லை.
பூண்டு மணக்கும் கையால் என் போனை வாங்கி
எதை அணைக்க வேண்டும் என்று காட்டினான்.

இப்போதும் போடுகிறோம்.
ராத்திரியில் மண் கொட்ட வந்த டிப்பரின் நம்பர்,
ஓட்டியவர் முகம்,
தாசில்தார் ஆபீசுக்கு ஒரு டேக்.
பத்து நிமிடத்தில் நாற்பது டார்ச்
வரப்பில் வந்து நின்றதும் உண்டு.

கூட்டை மட்டும் போடுவதில்லை.

இந்த ஜூலையில் குழுவில் ஒரே வார்த்தை:
'வந்தாச்சு.'
எங்கே, எங்கே என்று
குன்னூரிலிருந்து யாரோ கேட்க,
பெள்ளிராஜ்
ஒரு கேரட் படம் அனுப்பினான்.