கரட் கழுவும் இரவு

கந்தப்பளையில் இரவு ஒன்றரை.
தண்ணீர் கணுக்காலைக் கடிக்கிறது.
தொட்டிக்குள் நாலு பேர் நின்று
கரட்டை மிதித்து மிதித்து
அதன் நிறத்தை வெளியே வரவழைக்கிறோம்.
மண் போய்விட்டது.
விலை இன்னும் வரவில்லை.

விலை தம்புள்ளையிலிருந்து
பண்டாரவின் போனில் வரும்.
பண்டார லொறியின் முன்சீட்டில் தூங்குகிறான்,
நெஞ்சின்மேல் போன் ஏறி இறங்குகிறது.

லோகிதனின் போனில் கொழும்புக்காரர்கள் வாதாடுகிறார்கள்.
எல்லாவற்றையும் சந்தையிடம் விடு என்கிறார் கோட் போட்டவர்.
எல்லாவற்றுக்கும் விலை குறி என்கிறார் போடாதவர்.
நடுவில் பால்மா விளம்பரம்.
லோகிதன் சங்கத்துப் பையன்.
என் கரட்டைக் கிலோக்கூலிக்குக் கழுவுகிறான்.
"நீங்க எந்தப் பக்கம் அண்ணே?"

முட்டைக்கு வர்த்தமானி வந்த மாதம் ஞாபகமிருக்கா, லோகி?
விலை கடைச் சுவரில் இருந்தது,
முட்டை இல்லை.
என் மகள் எழுத்துக் கூட்டி விலையை வாசித்தாள்.
நல்ல விலை.
அதை அவித்துத் தின்ன முடியவில்லை.

ஒரே இரவில் உரம் நின்ற வருஷம்
என் கரட் பென்சிலாக முளைத்தது.
கையெழுத்துப் போட்ட பேனைகூட
அதைவிடத் தடிப்பாக இருந்திருக்கும்.

விலை ஒரு சேதிக்காரன்.
வெலிமடையில் மழை பிடித்தால்
எனக்கு முன்னே அவனுக்குத் தெரியும்.
அவன் வாயைக் கட்டினால் மழை நிற்காது,
நாம் நனைவதுதான் மிச்சம்.

"போன மாசியில் கிலோ இருபதுக்கு விழுந்ததே,
உங்க சேதிக்காரன் அப்ப எங்க போனான்?"

கால்கள் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தன.
அந்த மாசியில் பதினாறு மூட்டை கானில் கொட்டினேன்.
மாடு முகர்ந்துபார்த்துவிட்டுப் போனது.

அவன் எனக்குச் சொந்தக்காரன் இல்லையே, தம்பி.
சாவுச் சேதியையும் அவன்தானே கொண்டுவர வேண்டும்.

"சம்பளச் சபை இல்லாட்டி உங்கம்மாவுக்கு என்ன கிடைச்சிருக்கும்?"

தெரியாது.
கிடைத்தது தெரியும்:
கொழுந்து ரெண்டு கிலோ குறைந்தால் அரைப்பேர்.
முழு மனுசிக்கு அரைப்பேர்.
கொழும்பில் சம்பளம் ஏறிய மாதமெல்லாம்
மலையில் கிலோவும் ஏறியது.
மேசையில் கொடுத்ததைத் தராசில் எடுத்தார்கள்.

நான் விலை கேட்கவில்லை, லோகி.
அடிவிலையும் வேண்டாம், உச்சவிலையும் வேண்டாம்.
தோட்டம் கைவிட்ட தேயிலையில்
வேர் வேராக நான் பிடுங்கிய இருபது பேர்ச்,
அதற்கு ஒரு தாள்.
வங்கிக்காரன் மண்ணைப் பார்க்கவில்லை, தாளைக் கேட்டான்.
நுண்கடன்காரி தாளைக் கேட்கவில்லை,
வெள்ளிக்கிழமைதோறும் வாசலில் வந்து நின்றாள்.
சந்தையைத் திறந்துவிடு என்கிறார் கோட் போட்டவர்.
திறக்கட்டும்.
லயத்துக் காம்பராவைக்கூடத் தன்னுடையது என்று
சொல்ல முடியாதவன்
எதைக் கொண்டுபோய் அங்கே விரிப்பான்?

தேர்தலுக்குத் தேர்தல்
உறுதிமொழி லொறி லொறியாக வருகிறது.
மொழி எங்களிடமே வேண்டியமட்டும் இருக்கிறது.
அதை இறக்காமல் திருப்பிக் கொண்டுபோங்கள்.
உறுதியை மட்டும் தாருங்கள்.

லோகிதன் சிரித்தான்.
"இதையும் அரசாங்கத்துக்கிட்டதானே கேக்கிறீங்க?"

அதற்கு நான் பதில் தேடும்போது
போன் அடித்தது.
பண்டார கண்ணைத் திறக்காமலே கேட்டான்,
ஒரு விரல் காட்டினான், பிறகு இரண்டு கையும் விரித்தான்.
நூற்றுப் பத்து.
எல்லாரும் உதட்டுக்குள் பெருக்கினோம்,
லோகிதன்தான் முதலில் முடித்தான்.

லொறி பின்னால் வந்தது. மூட்டை ஏறியது.
தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினேன்.
எட்டு மாதம் நான் கொத்திய மண்
யாருடையதென்று எங்கும் எழுதப்படாமல்
கான் வழியே
இருட்டுக்குள் இறங்கிப் போனது.